அடீனியம்: மழையில் அழுகாமல் காத்து, கோடையில் பூத்துக் குலுங்க வைக்க முழுமையான வழிகாட்டி

சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் ஒரு வாரம் தண்ணீரே காணாமல் கிடந்தாலும் பாலைவன ரோஜா எனப்படும் அடீனியம் பிழைத்துக்கொள்ளும். கார்த்திகையில் நான்கு நாள் அடைமழை பெய்து, தொட்டியில் நீர் தேங்கி நின்றால் அதே செடி அடியோடு அழுகிப் போகும். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, கோடையில் நிழலில் ஒதுக்கிவைத்து, மழைக்காலத்தில் "நன்றாக நனையட்டும்" என்று வெளியே விட்டுவிடுகிறார்கள். அடீனியம் வளர்ப்பில் ஏற்படும் பெரும்பாலான இழப்புகளுக்கு இதுதான் காரணம்.

ஏன் இப்படி என்பதைத் தெரிந்துகொண்டால் மற்ற வேலைகள் தாமாகவே விளங்கும். அடீனியம் சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள சாகேல் பகுதியிலும், கிழக்கு ஆப்பிரிக்காவிலும், அரேபியத் தீபகற்பத்தின் தெற்கிலும் இயற்கையாக வளரும் குறுஞ்செடி. ஏமனில் இதைச் சேகரித்த பேர் ஃபோர்ஸ்கோல் என்ற தாவரவியலாளரின் விவரிப்பு, அவர் இறந்த பிறகு 1775இல் வெளிவந்தது. ஏடன் என்ற ஊர்ப்பெயரே அடீனியம் ஆனது. சாகேலில் மழை ஜூன் முதல் செப்டம்பர் வரை, வெப்பம் இருக்கும் காலத்திலேயே பெய்யும். குளிர்மாதங்கள் வறண்டு கிடக்கும். ஆகவே இந்தச் செடிக்கு வெப்பமும் ஈரமும் சேர்ந்து வந்தால் வளர்ச்சிக் காலம். குளிர்ச்சியும் வறட்சியும் சேர்ந்து வந்தால் இலையுதிர்த்துத் தூங்கும் காலம். தமிழ்நாட்டின் கடலோரத்தில் நடப்பது வேறு. சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1400 மி.மீ.; அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வெயில் தணியும் நேரத்தில் கொட்டுகிறது. செடி தூங்கப் போகும் நேரத்தில்தான் அதன் வேரில் தண்ணீர் நிற்கிறது. உறிஞ்சப்படாத அந்த நீர் வேரை மூச்சுமுட்ட வைக்க, பூஞ்சை புகுந்துவிடுகிறது.

பாலைவன ரோஜா என்று கூப்பிட்டாலும் ரோஜாவுக்கும் இதற்கும் உறவில்லை. இது அரளிக் குடும்பம். நந்தியாவட்டை, நித்தியகல்யாணி, பெருங்கள்ளி (புளூமேரியா) எல்லாம் இதன் சொந்தக்காரர்கள். அரளியைப் போலவே இதன் எல்லாப் பாகமும் நஞ்சு. ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் இதன் சாற்றை அம்பு நுனியில் தடவி வேட்டையாடியிருக்கிறார்கள். அதில் இருப்பது இதயத் துடிப்பைத் தாக்கும் பொருள். சிறு குழந்தைகள், ஆடு, நாய் எட்டும் இடத்தில் வைக்க வேண்டாம். வெட்டும் வேலை எதற்கும் கையுறை அவசியம். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், அதுவரை கண்ணைத் தொடாதீர்கள்.

கன்று வாங்கும்போது

நர்சரியில் மூன்று விதக் கன்றுகள் கிடைக்கும். விதையில் முளைத்தவை இளமையிலேயே அடித்தண்டு பருத்து அழகாக இருக்கும், விலையும் குறைவு. ஆனால் தாய்ச்செடியின் நிறம் அப்படியே வரும் என்று நம்ப முடியாது. பெரும்பாலும் இளஞ்சிவப்பு ஒற்றை அடுக்குப் பூதான் வரும். ஒட்டுக்கன்றுகள் விதைக்கன்றின் மீது குறிப்பிட்ட ரகத்தின் குச்சியை ஒட்டி உண்டாக்கியவை. இரண்டடுக்கு, மூன்றடுக்குப் பூ, கருஞ்சிவப்பு, மஞ்சள், வரி விழுந்த இதழ் ஆகியவை வேண்டுமென்றால் இவைதான். தாய்லாந்திலும் தைவானிலும் உருவான ரகங்கள் நம் ஊருக்கு வருவதும் ஒட்டாகத்தான். மூன்றாவது, கிளையை வெட்டி ஊன்றி வேர்விட வைத்த கன்று. இதில் ஆணிவேர் இல்லாததால் அடித்தண்டு பருக்கப் பல ஆண்டுகள் ஆகும், பருத்தாலும் வடிவம் அவ்வளவாக வராது. முதன்முதலில் வளர்ப்பவர்கள் இரண்டு விதைக்கன்றும் ஓர் ஒட்டுக்கன்றும் வாங்கினால் போதும்.

வாங்கும் முன் கட்டைவிரலால் அடித்தண்டைச் சுற்றிலும் அழுத்திப் பாருங்கள். பச்சை மாங்காயைப் போல இறுக்கமாக இருக்க வேண்டும். சற்று அமுங்கி உடனே மீண்டால் தாகம், அது பரவாயில்லை. ஒரு பக்கம் மட்டும் பழுத்த சப்போட்டா போல மெத்தென்று இருந்தால் அங்கே அழுகல் தொடங்கிவிட்டது, அந்தக் கன்றை எடுக்காதீர்கள். ஒட்டுக்கன்றில், ஒட்டுப் போட்ட இடத்தில் பிளவு தெரிகிறதா, பிளாஸ்டிக் நாடா சதைக்குள் புதைந்திருக்கிறதா என்று பாருங்கள். நாடா புதைந்திருந்தால் வீட்டுக்கு வந்ததும் பிளேடால் கீறி எடுத்துவிட வேண்டும்.

தொட்டி

அகலமாக, ஆழம் குறைவாக. இவ்வளவுதான் விதி. ஆழமான தொட்டியின் அடிமண் காய நாளாகும், வேர் அங்கேதான் முதலில் அழுகும். அடித்தண்டின் சுற்றளவுக்கு வெளியே எல்லாப் பக்கமும் 5 செ.மீ. இடம் விட்டால் போதும். "பின்னால் பெரிதாகுமே" என்று சிறு கன்றைப் பெரிய தொட்டியில் வைக்காதீர்கள். வேர் எட்டாத மண்ணில் ஈரம் நாள்கணக்கில் தங்கிவிடும். ஓராண்டுக் கன்றுக்கு 8 அங்குல அகலம், மூன்றாண்டுச் செடிக்கு 10 முதல் 12 அங்குலம், ஆழம் 5 முதல் 6 அங்குலம்.

சுட்ட மண்தொட்டி சுவர் வழியாகவும் ஈரத்தை வெளியேற்றும் என்பதால் கடலோர ஊர்களுக்கு அதுவே சிறந்தது. மாடியில் எடை தாங்காது என்பவர்கள் பிளாஸ்டிக் தொட்டி வாங்கி, அடியில் சுண்டுவிரல் நுழையும் அளவில் ஆறேழு துளை போட்டுக்கொள்ளலாம். எந்தத் தொட்டியானாலும் தரையில் நேரடியாக வைக்காமல் இரண்டு செங்கல் மீது வைக்க வேண்டும். மழையில் துளைகள் அடைபடாது. கோடையில் கொதிக்கும் தளத்தின் சூடு வேருக்கு ஏறாது. தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கும் பழக்கம் இந்தச் செடிக்கு வேண்டவே வேண்டாம்.

மண்கலவை

ரோஜாவுக்கும் மல்லிகைக்கும் போடும் செம்மண், மணல், தொழு உரக் கலவை இதற்கு ஒத்துவராது. ஓராண்டில் செம்மண் இறுகிக் கட்டியாகி, காற்று போகும் இடுக்கெல்லாம் அடைந்துவிடும். அடீனியம் வேருக்குத் தண்ணீர் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு காற்றும் வேண்டும். 10 அங்குலத் தொட்டிக்கு ஏறத்தாழ 5 லிட்டர் கலவை பிடிக்கும். அளவு இதுதான்:

- செங்கல்லை உடைத்து, கொத்தமல்லி விதை முதல் கொண்டைக்கடலை வரையிலான அளவில் சலித்தது: 2 லிட்டர். பியூமிஸ் (நுரைக்கல்) அல்லது சின்டர் (எரிந்த நிலக்கரிக் கட்டி) கிடைத்தால் இன்னும் நல்லது.
- கரடான ஆற்று மணல் அல்லது எம்-சாண்ட், நன்றாகச் சலித்துக் கழுவியது: 1 லிட்டர்.
- உமிக்கரி: 1 லிட்டர்.
- நன்கு மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம்: 1 லிட்டர்.
- வேப்பம் பிண்ணாக்கு: 50 கிராம். எலும்புத்தூள்: ஒரு மேசைக்கரண்டி.

சலிக்கும் வேலையில்தான் பலர் அலுத்துக்கொள்கிறார்கள். அதைத் தவிர்க்கவே கூடாது. எம்-சாண்டில் இருக்கும் மாவு போன்ற தூள் தண்ணீரோடு அடியில் இறங்கி, சிமெண்ட் பூசியதுபோலப் படிந்துவிடும். கோதுமை சலிக்கும் சல்லடையில் தங்குவது மட்டும் நமக்கு வேண்டும். கீழே விழுவது வேறு செடிக்குப் போகட்டும். கடற்கரை மணல் உப்பு, தொடவே கூடாது. கோகோபீட் (தென்னை நார்த்தூள்) மழைக்காலத்தில் பஞ்சுபோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். கோவை, திருப்பூர் போன்ற காய்ந்த ஊர்களில் அரை லிட்டர்வரை சேர்க்கலாம், சென்னை, கடலூர், நாகப்பட்டினத்தில் வேண்டாம்.

கலந்து முடித்ததும் தொட்டியில் நிரப்பி ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். ஊற்றிக்கொண்டிருக்கும்போதே அடியில் ஒழுகத் தொடங்கி, அரை நிமிடத்தில் மேலே தேங்கிய நீர் மறைந்துவிட வேண்டும். தேங்கி நின்றால் செங்கல் துண்டு இன்னும் அரை லிட்டர் சேர்த்து மறுபடி சோதியுங்கள்.

நடும் முறை

1. வாங்கிய கன்றைப் பையிலிருந்து எடுத்து, பழைய மண் முழுவதையும் உதறிவிடுங்கள். நர்சரி மண் பெரும்பாலும் களியும் கோகோபீட்டும். அதை ஒட்ட விட்டால் புதுக் கலவைக்கு நடுவே ஈர உருண்டையாக நிற்கும்.
2. வேரைக் கழுவி, கறுத்து உருவினால் தோல் கழன்று வருகிற வேர்களை நல்ல வேர் தெரியும்வரை வெட்டுங்கள்.
3. காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 3 கிராம் கரைத்த நீரில் வேரைப் பத்து நிமிடம் ஊறவையுங்கள்.
4. நிழலில், காற்றோட்டமான இடத்தில் 5 முதல் 7 நாள் சும்மா கிடத்துங்கள். வெட்டிய இடமெல்லாம் காய்ந்து தோல் கட்ட வேண்டும். இலை வாடி விழுந்தாலும் கவலை இல்லை.
5. தொட்டித் துளைகளின் மேல் வலைத்துண்டு வைத்து, கலவையை நிரப்பி, வேரை நாலாபுறமும் விரித்து நடுங்கள். முன்பு மண்ணுக்குள் இருந்த மட்டத்தைவிட 2 செ.மீ. மேலே தெரியும்படி வைக்கலாம்.
6. முதல் தண்ணீர் 4 நாள் கழித்து. நட்ட அன்றே ஊற்றினால் ஆறாத வேர்க்காயம் வழியாக அழுகல் ஏறும்.
7. பத்து நாள் அரை நிழல், பிறகு காலை வெயில், மூன்றாம் வாரத்திலிருந்து முழு வெயில்.

நடுவதற்கும் தொட்டி மாற்றுவதற்கும் உகந்த காலம் மாசி, பங்குனி. தை பிறந்து இரவுக் குளிர் குறைந்ததும் செடி விழித்துக்கொள்ளும். அப்போது பட்ட காயம் விரைவில் ஆறும். ஐப்பசி முதல் மார்கழிவரை வேரைத் தொடாதீர்கள். அந்த மாதங்களில் கன்று வாங்க நேர்ந்தால் பையோடு மழை படாத இடத்தில் வைத்திருந்து, மாசியில் நடுங்கள்.

ராமநாதபுரம், தூத்துக்குடி போன்ற வறண்ட பகுதிகளில் நிலத்திலும் நடலாம். ஒன்றரை அடி உயரத்துக்குச் சரளையும் மணலும் குவித்து, அந்த மேட்டின் மீது நட்டால் போதும். ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கு வெளியில் இது தாங்காது; வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே போனால் கிளைநுனி கருகத் தொடங்கும்.

வெயில்

ஒரு நாளைக்குக் குறைந்தது ஆறு மணி நேரம் நேர் வெயில். பால்கனியில் மூன்று மணி நேர வெயில்தான் விழும் என்றால் செடி உயிரோடு இருக்கும், கிளை மட்டும் ஒல்லியாக நீளும், பூ இராது. அந்த இடத்துக்கு வேறு செடி பாருங்கள்.

அக்னி நட்சத்திர நாள்களில் கருஞ்சிவப்பு ரகங்களின் இதழ் ஓரம் தீய்ந்துபோகும். அவற்றுக்கு மட்டும் பிற்பகலில் 50 சதவீத நிழல்வலை கட்டலாம். மண்ணுக்குள் இருந்த அடித்தண்டைப் புதிதாக வெளியே உயர்த்தியிருந்தால், வெளுத்திருக்கும் அந்தப் பகுதியை மேற்கு வெயிலுக்குக் காட்டாதீர்கள். தோல் வெந்து பழுப்பாகித் தழும்பு விழும். அந்தத் தழும்பு போகவே போகாது. இரண்டு மூன்று வாரம் ஒரு பழைய துணியால் போர்த்திவைத்தால் தோல் கெட்டிப்பட்டுவிடும்.

தண்ணீர், மாதவாரியாக

"எத்தனை நாளுக்கு ஒருமுறை?" என்று கேட்பதைவிட, "மண் காய்ந்ததா, செடியில் இலை இருக்கிறதா?" என்ற இரண்டையும் பார்ப்பதே சரி. ஒரு மூங்கில் குச்சியைத் தொட்டியின் அடிவரை செருகி ஐந்து நிமிடம் கழித்து உருவுங்கள். நுனி கறுத்து, கன்னத்தில் வைத்தால் ஜில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் உண்டு. வெளிறி, தூசு உதிர்ந்தால் ஊற்றலாம். ஊற்றும்போது அடித்துளை வழியே ஒழுகும்வரை முழுதாக ஊற்றுங்கள். தினமும் ஒரு கிண்ணம் தெளிப்பது மேல்வேரை மட்டும் நனைத்து அடிவேரைக் காயவிடும்.

மாசி, பங்குனியில் தளிர் வரத் தொடங்கியதும் மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை. சித்திரை, வைகாசியில், மேலே சொன்ன கலவையில், முழு வெயிலில் இருக்கும் 10 அங்குலத் தொட்டி ஒன்றரை நாளில் காய்ந்துவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள், அனல் அடிக்கும் நாளில் தினமும் காலை ஏழு மணிக்குள் ஒரு லிட்டர். இந்தக் காலத்தில் தாராளமாகக் கொடுத்தால்தான் அடித்தண்டு பருக்கும். பாலைவனச் செடி என்று கோடையில் பட்டினி போடுவது இன்னொரு தவறு. ஆனி முதல் புரட்டாசிவரை அந்தந்த ஊர் மழையைப் பார்த்து இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை.

ஐப்பசி பிறப்பதற்குள் செடிகளை மழை படாத இடத்துக்கு மாற்றிவிட வேண்டும். நான்கு குழாய் நட்டு, மேலே ஒளி ஊடுருவும் யூ.வி. பாலித்தீன் தாளைச் சாய்வாகக் கட்டினால் போதும்; பக்கங்களைத் திறந்தே விடுங்கள், காற்று வர வேண்டும். கூரை போட வழியில்லாதவர்கள், அடைமழை நாள்களில் தொட்டியை ஒரு செங்கல் வைத்து 45 பாகைக்குச் சாய்த்து வைக்கலாம். விழும் நீரில் பெரும்பகுதி மண்ணுக்குள் இறங்காமல் வழிந்துவிடும். புயல் எச்சரிக்கை வந்தால் கைப்பிடிச் சுவர் மேல் இருப்பவற்றைக் கீழே இறக்கி, வீட்டுக்குள்ளோ மாடிப்படிக்கு அடியிலோ வைத்துவிடுங்கள். மூன்று நாள் இருட்டில் கிடந்தால் செடிக்கு ஒன்றும் ஆகாது, மூன்று நாள் நனைந்தால் ஆகும்.

மார்கழி, தையில் இலை முழுவதும் உதிர்ந்த செடிக்கு 15 நாளுக்கு ஒருமுறை, அதுவும் அரை லிட்டர். இலை இன்னும் தங்கியிருக்கும் செடிக்கு வாரம் ஒருமுறை.

ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமாக இருக்கும் ஊர்களில் தொட்டி ஓரத்தில் வெள்ளைப் பொருக்கு கட்டும், இலைநுனி கருகும். கோடையில் மாதம் ஒருமுறை தொட்டியின் கொள்ளளவைப்போல இரண்டு மடங்கு நல்ல நீரை மெதுவாக ஊற்றி உப்பை அலசிவிடுங்கள்.

இலை உதிர்வதா, அழுகுவதா?

மார்கழியில் அழைப்புகள் குவிவது இந்தக் கேள்விக்குத்தான். இயல்பான இலையுதிர்வில் கீழிலைகள் முதலில் மஞ்சளாகி, ஒன்றன்பின் ஒன்றாக, தொட்டால் கழன்று விழும். கிளைநுனி பச்சையாக, அடித்தண்டு இறுக்கமாக இருக்கும். இப்படி மொட்டையாக நிற்கும் செடியைப் பார்த்துப் பதறித் தண்ணீரும் உரமும் கொடுப்பதால்தான் பல செடிகள் தை மாதத்தில் சாகின்றன. கடலோரத்தில் இரவும் வெதுவெதுப்பாக இருப்பதால் சில ரகங்கள் பாதி இலையோடு குளிர்காலத்தைக் கடந்துவிடும். ஓசூர், தருமபுரிப் பக்கம் முழுவதும் உதிரும். இரண்டுமே சரிதான்.

அழுகலில் மண் ஈரமாக இருக்கும்போதே இலை மேலும் கீழும் ஒரே சமயத்தில் துவளும். அடித்தண்டில் ஓரிடம் அமுங்கும், அமுக்கினால் பழுப்பு நீர் கசியும், புளித்த வாடை வரும். அன்றைக்கே வேலையில் இறங்க வேண்டும். நாளை என்று தள்ளினால் அழுகல் விரலகலம் ஏறியிருக்கும்.

செடியைப் பிடுங்கி, மண்ணை முழுவதும் கழுவிவிடுங்கள். பிளேடையோ கூரிய கத்தியையோ சானிடைசரால் துடைத்து, மெத்தென்ற பகுதியை வெட்டத் தொடங்குங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் நோயை நாமே நல்ல சதைக்குள் ஏற்றிவிடுவோம். வெட்டுமுகத்தை உற்றுப் பாருங்கள்: நல்ல சதை முற்றாத தேங்காய்ப் பருப்புபோல வெண்மையாகப் பளபளக்கும். நடுவில் கடுகளவு பழுப்புப் புள்ளியோ, தோலை ஒட்டி மெல்லிய பழுப்பு வளையமோ தெரிந்தால் அழுகல் இன்னும் உள்ளே இருக்கிறது, மேலும் செதுக்குங்கள். அடித்தண்டில் பாதி போனாலும் தயங்காதீர்கள். சுத்தமானதும் காப்பர் ஆக்சிகுளோரைடைச் சிறிது நீரில் களிம்பாகக் குழைத்துப் பூசி, நிழலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுங்கள். 7 முதல் 10 நாளில் வெட்டுமுகம் தக்கைபோல இறுகும். உலர்ந்த கலவையில் நட்டு, மேலும் ஒரு வாரம் கழித்து முதல் தண்ணீர். வேர் முழுவதும் போய்விட்டிருந்தால் புது வேர் வர ஆறேழு வாரம் ஆகலாம். அதுவரை இழுத்துப் பார்க்காதீர்கள்.

கவாத்து

அடீனியம் புதுக்கிளையின் நுனியில்தான் பூக்கும். ஒரு நீளக் கிளையை அப்படியே விட்டால் நுனியில் ஒரே கொத்து. அதை வெட்டினால் இரண்டு மூன்று கிளை வந்து மூன்று கொத்து. செடி குட்டையாக, குடைபோல அடர்ந்து நிற்பதற்கும் இதுவே வழி.

மாசி மாதம், வானம் தெளிந்த நாளாகப் பாருங்கள். எல்லாக் கிளைகளையும் ஒரே நாளில், 3 முதல் 4 அங்குலம் விட்டு வெட்டுங்கள். ஒன்றை மட்டும் விட்டுவைத்தால் செடியின் சக்தி முழுதும் அதற்கே போய், மற்றவை தளிர்க்காது. வெளிப்புறம் பார்த்த இலைத்தழும்புக்கு அரை செ.மீ. மேலே, சாய்வாக வெட்டினால் தளிர் வெளிப்பக்கம் விரியும். கசியும் சாற்றைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டுக் காப்பர் களிம்பு பூசுங்கள். மஞ்சள்தூள் தடவுவது பரவலான பழக்கம். காப்பர் களிம்பு அதைவிட உறுதியான காவல். ஐந்து நாள் வெட்டுக்காயத்தில் தண்ணீர் படக் கூடாது. இரண்டு மூன்று வாரத்தில் கண்கள் சிவப்பாகப் புடைத்துத் தளிர்க்கும். வெட்டியதிலிருந்து ஏறத்தாழ இரண்டு இரண்டரை மாதத்தில், சித்திரை வைகாசியில், முதல் பெரும்பூப்பு. ஆடியில் நீண்ட கிளைகளை மட்டும் லேசாக நுனி கிள்ளலாம். ஆவணிக்குப் பிறகு கத்தி வைக்க வேண்டாம், மழையில் வெட்டுக்காயம் நேராக உள்ளே அழுகும்.

ஒட்டுச்செடியில் ஒட்டுக்குக் கீழே வரும் தளிரை அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும். விட்டால் வேர்ச்செடியின் (ஒட்டுக்கு அடியாக நிற்கும் விதைக்கன்றின்) சாதா இளஞ்சிவப்புக் கிளை ஓங்கி, காசு கொடுத்து வாங்கிய ரகம் நலிந்துவிடும்.

உரம்

தளிர் வந்த பிறகே தொடங்குங்கள். 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து சம அளவில் உள்ள) நீரில் கரையும் உரம் லிட்டருக்கு 1 கிராம், 15 நாளுக்கு ஒருமுறை, ஈரமான மண்ணில் மட்டும். கிளைகள் நான்கு அங்குலம் வளர்ந்ததும் அடுத்த இரண்டு முறை 13:0:45 (சாம்பல் சத்து மிகுந்த உரம்) லிட்டருக்கு 1 கிராம். மொட்டு திரளும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மண்புழு உரம் இரண்டு கைப்பிடி. யூரியா, புது மாட்டுச்சாணம், கடலைப்பிண்ணாக்குக் கரைசல் மூன்றும் வேண்டாம்; தழைச்சத்து கூடினால் கிளை நீளும், தண்டு மெத்தென்றாகி அழுகலுக்கு இடங்கொடுக்கும். புரட்டாசி இறுதியோடு எல்லா உரமும் நிறுத்தம்.

மொட்டு கட்டி, விரியாமல் மஞ்சளாகி உதிர்ந்தால் காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்று: மண் ஒருமுறை எலும்பாய்க் காய்ந்து மறுமுறை தளும்ப நனைந்தது, அசுவினிப் பூச்சி சாறு உறிஞ்சியது, அல்லது அடுக்குப் பூ ரகத்தின் மொட்டுக்குள் மழைநீர் இறங்கியது. கடைசி வகைக்குக் கூரை தவிர மருந்து இல்லை.

அடித்தண்டை உயர்த்துதல்

இரண்டாண்டுக்கு ஒருமுறை மாசியில் தொட்டி மாற்றும்போது, செடியை 2 முதல் 3 செ.மீ. மேலே தூக்கி நடுங்கள். மேல்புறம் தெரியும் மயிரிழை வேர்களை நறுக்கிவிட்டு, பருத்தவற்றை மட்டும் விடுங்கள். கவாத்தையும் வேர் வெட்டையும் ஒரே நாளில் செய்யலாம். இலை இல்லாதபோது நீரிழப்பும் குறைவு. ஒரேயடியாக 6, 7 செ.மீ. தூக்கினால் செடி ஆட்டம் காணும், வெளிவந்த வேர் வெயிலில் சுருங்கும்.

பூச்சிகள்

ஒரே இரவில் கிளை மொட்டையாகி, அடியில் மிளகைவிடப் பெரிய கறுப்பு எச்சங்கள் கிடந்தால் அரளிப் பருந்து அந்துப்பூச்சியின் புழு வந்திருக்கிறது. விரல் நீளம், பச்சை நிறம், தலைக்குப் பின்னால் நீலக் கண்போல இரண்டு பொட்டு. பகலில் இலைக்கு அடியிலோ தொட்டி விளிம்பிலோ ஒட்டிக்கொண்டிருக்கும். கையால் எடுத்து அப்புறப்படுத்தினாலே போதும். பக்கத்தில் நந்தியாவட்டையோ அரளியோ இருந்தால் அதையும் பாருங்கள்.

தளிரிலும் மொட்டுக் காம்பிலும் மஞ்சள் அசுவினி கூட்டமாக மொய்க்கும். மாவுப்பூச்சி கிளைக்கவட்டில் பஞ்சுபோல் ஒட்டும். இரண்டுக்கும் முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, மாலையில் வேப்பெண்ணெய் 5 மி.லி., சோப்புக் கரைசல் 1 மி.லி. ஒரு லிட்டரில் நன்றாகக் குலுக்கித் தெளியுங்கள். வாரம் ஒன்றாக மூன்று முறை. வெயிலில் தெளித்தால் எண்ணெய் இலையை வறுத்துவிடும். கோடையில் இலை மங்கி, அடிப்பக்கம் மெல்லிய வலை தெரிந்தால் சிவப்புச் சிலந்திப்பேன். இலையின் அடிப்பக்கத்தில் நாள்தோறும் காலையில் நீர் பீய்ச்சினால் ஒரு வாரத்தில் அடங்கும். அடங்காவிட்டால் நனையும் கந்தகத்தூள் லிட்டருக்கு 2 கிராம், ஆனால் 35 டிகிரியைத் தாண்டும் நாளில் கூடாது.

செடி காரணமில்லாமல் சோர்ந்திருந்தால் தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். வெள்ளை மாவு தூவியதுபோல் இருந்தால் வேர் மாவுப்பூச்சி. கலவையைக் கொட்டிவிட்டு, வேரைக் கழுவி, நடும் முறையை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

விதையும் ஒட்டும்

காய் மாட்டுக்கொம்புபோல இரட்டையாக வரும். முற்ற ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். பழுப்பேறத் தொடங்கியதும் நூலால் மூன்று இடத்தில் கட்டிவிடுங்கள். இல்லையென்றால் வெடித்து, இரு முனையிலும் பஞ்சு கொண்ட விதைகள் தெருவெல்லாம் பறக்கும். எடுத்த உடனே விதைத்தால் முளைப்பு நன்றாக இருக்கும், வைக்க வைக்கக் குறையும். சலித்த மணலும் உமிக்கரியும் சரிபாதி கலந்து, விதையைப் படுக்க வைத்து, அரை செ.மீ. மூடி, ஈரம் காயாமல் பாருங்கள். பங்குனி, சித்திரை வெப்பத்தில் 4 முதல் 7 நாளில் முளைத்துவிடும். ஆறு இலை வந்ததும் தனித்தனியாக மாற்றி நடலாம். முதல் முறை மாற்றும்போது ஆணிவேரின் நுனியை வெட்டிவிட்டால் பக்கவேர்கள் பருத்துப் பரவும். ஓராண்டு ஒட்டி முதல் பூ.

அந்தக் கன்றுகளில் தண்டு பென்சில் கனம் வந்தவை ஒட்டுக்கு ஏற்றவை. வேர்ச்செடியை மண்மட்டத்துக்கு 3 அங்குலம் மேலே வெட்டி, நடுவில் ஒன்றரை செ.மீ. ஆழத்துக்குப் பிளந்துகொள்ளுங்கள். அதே கனமுள்ள ரகக் குச்சியை 2 அங்குல நீளத்தில் எடுத்து, இலைகளை நீக்கி, அடியை ஆப்புபோல இரு பக்கமும் ஒரே இழுப்பில் சீவுங்கள். தடவைக்குத் தடவை சுரண்டினால் முகம் மேடுபள்ளமாகி ஒட்டாது. பிளவில் இறக்கி, குறைந்தது ஒரு பக்கமாவது தோலோடு தோல் நேராகப் பொருந்தும்படி வைத்து, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிச் சுற்றி, மேலே சிறு பாலித்தீன் பையைக் கவிழ்த்துக் கட்டுங்கள். வைக்குமிடம் வெளிச்சமான நிழல். தண்ணீர் மண்ணில் மட்டும், பையின் மேல் படாமல். மூன்றாம் வாரம் குச்சி பச்சையாக இருந்து கண் புடைத்தால் பையின் ஒரு மூலையைக் கிழித்துவிடுங்கள், நான்கு நாள் கழித்து முழுவதும் எடுங்கள். நாடாவை மட்டும் இரண்டு மாதம் விட்டுவைக்க வேண்டும். அழுகலில் அடித்தண்டு முழுவதையும் இழந்த செடியிலும் நல்ல கிளை ஒன்று மிஞ்சியிருந்தால், ரகத்தை இதே முறையில் காப்பாற்றிவிடலாம். கிளையை வெட்டி நடுவெண்மை சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வேர்ச்செடி தயாராக இருந்தால் அன்றைக்கே ஒட்டிவிடுங்கள்.